ஊதிக் காய வைக்கும் நேரம்

பஞ்சர் கடையில் காத்து நின்றவர்கள் எல்லாரும் பார்த்த காட்சிதான். டயரின் ஒரு பக்கத்தை ரிம்மிலிருந்து நெம்பி விடுவித்து, உள்ளேயிருந்து டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்ச் சட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டே போவார் கடைக்காரர். ஓரிடத்தில் சரசரவென்று குமிழி கிளம்பும். கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடியே டியூபை வெளியே எடுத்து ஈரம் துடைப்பார். உப்புத்தாளால் தேய்ப்பார். சொல்யூஷனைப் பிதுக்கி விரலால் தடவுவார். அதற்கப்புறம் அவர் செய்வதைத்தான் நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. “ஒட்டிருங்கண்ணே” என்று நான் பறந்தபோது, எங்கள் தெருமுனைக் கடைக்காரர் டியூபை என் கையில் கொடுத்துவிட்டார். “நீயே ஊது தம்பி. பளபளப்புப் போனதும் சொல்லு. ஈரத்துல ஒட்டுனா சாயங்காலம் திரும்ப இங்கதான் வருவ.” ஊதிக்கொண்டே பார்த்தேன். கண்ணாடி போல மின்னிய சொல்யூஷன், ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கி, நடுவில் ஒரு புள்ளி மட்டும் மின்னி, அதுவும் அணைந்தது. பேட்சை வைத்து அழுத்தி, சுத்தியல் பிடியால் நாலு தட்டுத் தட்டினார். அந்த இடத்தில் அந்த டியூப் மறுபடி காற்றை விடவே இல்லை.

காயவிட்ட பிறகு ஒட்டுவது நமக்கு விநோதமாகத்தான் படுகிறது. காகிதத்துக்குப் பசை தடவினால் காய்வதற்குள் ஒட்டிவிடுவோம். டியூபில் ஏன் தலைகீழ்? ரப்பர் மரத்துப் பாலிலிருந்து கிடைக்கும் பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை தீரும் என்று கண்டுபிடித்தார். வல்கனைசிங் என்று பெயர். ரப்பரின் மூலக்கூறுகள் இடியாப்பம் போல நீள நீள இழைகள். அந்த இழைகளுக்கு நடுவே கந்தகம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. முடிச்சு விழுந்த பிறகு இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்கு வரும். ஆனால் உருகாது, கரையாது. பிளாஸ்டிக் குடம் விரிசல் விட்டால் சூட்டுக்கோல் வைத்து இளக்கி அடைத்துவிடலாம். டியூபில் அது நடக்காது. சூடுபட்டால் கருகத்தான் செய்யும்.

ஆகவே, முடிச்சு விழாத ரப்பரைக் கொஞ்சம் நடுவில் கொண்டுவர வேண்டியிருக்கிறது. சொல்யூஷன் என்பது அதுதான்: பெட்ரோலைப் போன்ற, சீக்கிரம் ஆவியாகும் திரவத்தில் கரைத்த ரப்பர். தேய்த்த இடத்தில் தடவும்போது அந்தத் திரவம் டியூபின் மேல்தோலைச் சற்று ஊறவைத்து, கரைந்த இழைகள் உள்ளே நுழைய வழி விடுகிறது. வழி விட்டதோடு அதன் வேலை முடிந்தது, அது போய்விட வேண்டும். போவதற்குள் பேட்சை வைத்து மூடினால் திரவம் நடுவில் சிக்கிக்கொள்ளும். ஒட்டு வழுக்கும். பிறகு மெல்ல ஆவியாகி வெளியேறப் பார்க்கும்போது பேட்சின் அடியில் கொப்புளம் எழும். பளபளப்பு அடங்கியது என்றால் திரவம் போய் ரப்பர்ப் படலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் படலமும் பேட்சும் தொட்டவுடன், இரண்டு உருண்டை மாவைச் சேர்த்து அமுக்கியது போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். கடையில் விற்கும் நல்ல பேட்சுகளில் இன்னொன்றும் உண்டு. அவற்றின் அடிப்பக்கத்தில் முழுதாக வேகாத ரப்பர் இருக்கும். அதுவும் சொல்யூஷனில் கலந்த வேதிப்பொருளும் சேர்ந்து, அடுப்புச் சூடு இல்லாமலே கந்தக முடிச்சுகளை மெதுவாகப் போடத் தொடங்கும். அதனால்தான் மறுநாள் அந்தப் பேட்சை நகத்தால் கிளப்பவே முடிவதில்லை.

ஊர்ப்புறக் கடைகளில் பேட்சை விலைக்கு வாங்குவது குறைவு. செத்துப்போன டியூபிலிருந்து கத்தரித்துக்கொள்வார்கள். வட்டமாகவோ முட்டை வடிவிலோதான் வெட்டுவார்கள், சதுரமாக வெட்டினால் மூலையிலிருந்து உரியும். பேட்சையும் டியூபையும் இரண்டையுமே தேய்த்து, இரண்டிலும் சொல்யூஷன் தடவிக் காயவிட வேண்டும். அதில் அந்தக் கந்தக வேலை நடப்பதில்லை. ஆனாலும் வருடக்கணக்கில் நிற்கிறது. காரணம் டயர். உள்ளேயிருக்கும் காற்று டியூபை டயரோடு அழுத்திப் பிடிக்கிறது. பேட்ச் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதால், காற்றே அதை ஒட்ட வைத்துக் காவலும் காக்கிறது. அதே டியூபை வெளியே வைத்து, சோதிக்கிறேன் என்று பெருக்கக் காற்றடித்தால், டியூப் விரியும் அளவுக்குப் பேட்ச் விரியாது. ஓரம் பிய்ந்துவிடும். நன்றாக ஒட்டிய வேலையை நானே இப்படிக் கெடுத்திருக்கிறேன்.

உப்புத்தாளுக்கும் மரியாதை தர வேண்டும். டியூபை அச்சில் வார்க்கும்போது அது அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய பொருள் மேல்தோலில் தங்கியிருக்கும். அதன்மேல் எந்தச் சொல்யூஷனும் பிடிக்காது. கருகருவென்று மின்னும் தோல், சாம்பல் நிறத்துக்கு மங்கும்வரை தேய்க்க வேண்டும். டியூப் நெடுக மெல்லிய மேடாக ஓடும் அச்சுக்கோடு ஒன்று இருக்கிறதே, ஓட்டை அதன் பக்கத்தில் இருந்தால் அந்த மேட்டைச் சமமாகத் தேய்த்தே ஆக வேண்டும். இல்லையென்றால் மேட்டின் இரு பக்கமும் வாய்க்கால் போல இடைவெளி நின்று காற்று அதன் வழியே ஊர்ந்து போகும். ‘ஒட்டியும் நிற்கவில்லை’ என்ற புகார்களில் பாதி இந்தக் கோட்டில்தான் தொடங்குகிறது என்பது என் அனுபவம்.

ஒட்டி முடித்ததும் மாட்டிவிடக் கூடாது. குத்தியது எது? சீமைக்கருவேல முள் டயரைத் துளைத்து, மேலே ஒடிந்து, நுனி மட்டும் உள்ளே ஒளிந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வர வேண்டும், அவசரமாகத் தடவினால் விரல் கிழியும். வால்விலிருந்து ஓட்டை எத்தனை சாண் தள்ளியிருக்கிறது என்று அளந்துகொண்டால் டயரில் தேட வேண்டிய இடம் தானாகத் தெரிந்துவிடும். ஓட்டை டியூபின் உள்வளைவில் இருந்தால் குற்றவாளி முள் அல்ல, ரிம்முக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் போக்ஸ் கம்பி. பாம்பு கடித்தது போலப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறோம்: கல்லில் ஏறியபோது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. டயரைத் திரும்ப மாட்டும்போது கடைசி ஒரு சாண் இறுக்கமாக இருக்கும். அங்கேயும் கையால்தான் தள்ள வேண்டும். லீவரை விட்டு நெம்பினால் டியூபைக் கடித்துப் புது ஓட்டை போட்டுவிடும்.

ஒரு ராத்திரியில் காற்று இறங்கினால் எல்லாம் பஞ்சர் என்று பதற வேண்டாம். நம் சாதாரண சைக்கிள் வால்வில் ஊசி போன்ற ஒரு தண்டின்மேல் சின்ன ரப்பர்க் குழாய் மாட்டியிருக்கும். வால்டியூப் என்போம். பம்பு தள்ளும் காற்று தண்டின் பக்கவாட்டுத் துளை வழியே வந்து அந்த ரப்பரை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். பம்பு நின்றதும் ரப்பர் துளையை இறுக்கிக் கவ்விக்கொள்ளும். நாள்பட்டு அது விரிந்தால் காற்றுக் கசியும். கடைக்காரர் விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைப்பார். அது முட்டையிட்டு உடைந்தால், டயரைக் கழற்றவே தேவையில்லை.

காற்று டயரின் வரலாற்றையே பஞ்சர்தான் நடத்தியிருக்கிறது. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயர் செய்து, 1888இல் காப்புரிமை பெற்றார். ஓடும் சுகம் அபாரம். ஆனால் ரிம்மோடு சேர்த்து ஒட்டியிருந்ததால் பஞ்சர் ஆனால் பிரித்து ஒட்டிக் காயவைக்க மணிக்கணக்காகும். பிரான்சின் மிஷெலின் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரைச் செய்தார்கள். 1891இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அந்த டயரில் ஓட்டி வென்றார். வழியிலேயே சரிசெய்ய முடிந்த பிறகுதான் காற்று டயர் ஊர் ஊராகப் போனது.

வழியிலேயே சரிசெய்ய முடிவது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். இன்று அரசின் விலையில்லா மிதிவண்டியில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். நாலு மைல் நடுவில் டயர் இறங்கினால் அந்தச் சைக்கிள் தள்ளிக்கொண்டு போகும் பாரம்தான். சைக்கிளோடு சேர்த்து ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு சொல்யூஷன், அரை நாள் பயிற்சி எல்லாப் பள்ளியிலும் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வால்வு அடியில் கிழிந்தால், விரல் நீளத்துக்குப் பிளந்தால், ஒட்டுக்குமேல் ஒட்டு விழுந்தால் டியூபின் கதை முடிந்தது. அப்போதும் அதைக் குப்பையில் போட மனம் வராது. இன்றைய டியூபுகள் பெரும்பாலும் ப்யூட்டில் என்ற செயற்கை ரப்பர், 1937இல் அமெரிக்காவில் உருவாக்கியது. இயற்கை ரப்பரைவிடக் காற்றைப் பல மடங்கு நன்றாகப் பிடித்து வைக்கும், வெயிலையும் தாங்கும். அதே குணங்களால் மண்ணில் லேசில் மக்காது. அடுப்பு மூட்டவும் போகி நெருப்புக்கும் டியூபைப் போடுவதை நிறுத்தியே ஆக வேண்டும். கரும்புகையும் கந்தகப் புகையும் முதலில் வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குத்தான் போகிறது.

நீளவாக்கில் கத்தரித்தால் கேரியரில் பால்கேன் கட்டும் பட்டை. குறுக்கே வளையமாக நறுக்கினால் எண்ணெய்ப் பாக்கெட்டும் சர்க்கரைப் பையும் கட்டும் ரப்பர்வளையம். தோட்டத்துக் குழாயில் நீர் பீய்ச்சும் இடத்தில் இழுத்து இழுத்துச் சுற்றினால் ஒரு போகம் தாங்கும். கன்றைக் குச்சியோடு கட்டினால் தண்டு தடிக்கத் தடிக்க இதுவும் நெகிழ்ந்து கொடுக்கும், கயிறு போல அறுக்காது. கடப்பாரைப் பிடியில் சுற்றினால் வியர்வையிலும் வழுக்காது.

எங்கள் கடைக்காரர் பழைய டியூபில் முதலில் வெட்டியது வேறொன்று. வால்வு இருந்த பக்கம் தள்ளி, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நீளப் பட்டை எடுப்பார். முனைகளைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து வளையமாக ஒட்டுவார். வால்வுக்கு ஒரு துளை போட்டு ரிம்முக்குள் அதை மாட்டி, போக்ஸ் கம்பித் தலைகள் ஒவ்வொன்றும் மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். அதன் மேல்தான் புது டியூபை வைப்பார்.