கிழ வால்வுக்கு வைத்தியம்

1924-ம் வருஷம் ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் ஸ்தாபித்த சென்னை மாகாண ரேடியோ கிளப், ஜூலை 31-ந் தேதி 40 வாட் கருவியைக் கொண்டு ஒலிபரப்பத் தொடங்கிற்று. பணமுடையால் 1927-ல் அது நின்றது. கருவி நகரசபையின் கைக்குப் போயிற்று. 1930 முதல் நகரசபையே ஒலிபரப்பை நடத்திற்று. அந்நாளில் ரேடியோவின் உயிர்நாடி வால்வுதான். டிரான்ஸிஸ்டர் வந்தபின்னும், சக்தியைப் பெருக்கும் கருவிகளில் வால்வுகளை விடாது போற்றும் அமெச்சூர்கள் உண்டு.

வால்வுக்குள் இழை காய்ந்ததும் எலெக்ட்ரான்கள் புறப்பட்டுத் தகட்டை நோக்கி ஓடும். நாளாக ஆக அவ்வோட்டம் தளரும். கருவியின் வலுவும் குன்றும். அதனால் வால்வையே உடனே குற்றம் சொல்லலாகாது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரங்களில் உப்புக் காற்று வால்வின் கால்களையும் ஸாக்கெட்டையும் அரித்துவிடும். முதலில் அவற்றைத் துடைத்துப் பார்க்கவேண்டும். பிறகு கண்ணாடியின் உட்புறத்தை நோக்குக. ரஸம் பூசினாற்போன்ற பளபளப்பு வெளுத்துப் பால் நிறமானால், உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மருந்தில்லை.

811-ஏ, 813 முதலியவற்றின் டங்ஸ்டன் இழையில் தோரியம் கலந்திருக்கும். நமது மணவாளக்குறிச்சி மணலிலும் உள்ள தோரியந்தான் அது! மேற்பரப்பில் அது தேய்ந்தால், தகட்டுக்கு மின்சாரம் கொடாமல் இழையைச் சில விநாடி மிகையாகக் காய்ச்சி, பிறகு வழக்கத்தினும் சற்றே உயர்ந்த அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். உள்ளிருக்கும் தோரியம் மேலே வந்து, சில வால்வுகள் புத்துயிர் பெறும். 807-ல் இருப்பதோ ஆக்ஸைடு பூச்சு. அதனிடம் இந்த வைத்தியம் செல்லாது. ஜோடியாக உழைப்பவற்றில் ஒன்று ஓய்ந்தால், குணம் ஒத்த இரண்டையுமே மாற்றுவது உத்தமம். கிரிட்டின் அழுத்தத்தையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். நெடுங்காலம் பெட்டியில் உறங்கிய வால்வுக்கு முதலில் இழையை மட்டும் சில மணி நேரம் ஏற்றி வைப்பது நலம்.

ஒன்றை மறக்கலாகாது. ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டென்ஸர்களில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். அதைப் பூமிக்குச் செலுத்தாமல் உள்ளே விரல் வைத்தல் கூடாது. வீட்டுக் குழந்தைகளும் அருகில் வரலாகாது.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் ஊமையானபோது, போர்ட் பிளேயரில் இருந்த அமெச்சூர்களின் ரேடியோதான் செய்திகளைச் சுமந்து சென்றது. அத்தகைய நாள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. கருவி வால்வாயினும் டிரான்ஸிஸ்டராயினும், ஓய்ந்த நாளில் செய்த பராமரிப்பே அன்று பேசும்.