இடப்பக்கம் உயரும் வெளிச்சம்

ஜப்பானில் 2 வருடமும் இலங்கையில் 10 வருடமும் ஓடிய ஒரு டொயோட்டா அக்குவாவின் முன்னால் நின்று பாருங்கள். பெயின்ட் இன்னும் மினுங்கும். வாரம் தவறாமல் மெழுகு போட்டுத் துடைக்கும் சொந்தக்காரரின் அக்கறை தெரியும். ஹெட்லைட் இரண்டும் மட்டும் மோர் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த தம்ளர் மாதிரி இருக்கும். மேல்விளிம்பில்தான் மஞ்சள் அதிகம்; வெயில் நேரே விழுவது அங்கேதான்.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலம் முழுக்க நாட்டில் ஏற்கெனவே இருந்த ‘ரீகண்டிஷன்’ கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. வாங்குபவர்கள் எஞ்சினைப் பார்த்தார்கள், ஹைபிரிட் பற்றரியைப் பார்த்தார்கள். ஹெட்லைட்டை, அது உடையும்வரை, அநேகமாக யாரும் பார்க்கவில்லை.

அதன் முன்மூடி பொலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். 1953இல் ஜெர்மனியின் பாயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே கண்டுபிடித்த பொருள் இது. சின்னக் கல் பட்டால் கண்ணாடி தெறிக்கும், இது தெறிக்காது. எடையும் குறைவு, எந்த வளைவிலும் வார்க்கலாம். அமெரிக்காவில் 1940 முதல் 1980களின் தொடக்கம்வரை ஹெட்லைட் என்றால் முழுதும் மூடி முத்திரையிட்ட கண்ணாடி விளக்குத்தான்; விரல்விட்டு எண்ணக்கூடிய சில அளவுகளில் வந்தது, உடைந்தால் எந்தக் கடையிலும் வாங்கிப் பூட்டலாம். பிளாஸ்டிக் வந்த பிறகு ஒவ்வொரு காருக்கும் ஒரு முகம், ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு விலை.

பொலிகார்பனேட்டுக்கு இரண்டு பலவீனங்கள். சுலபமாகக் கீறல் விழும். புற ஊதாக் கதிரை உறிஞ்சி மஞ்சளாகும். இரண்டையும் தடுக்கத்தான் தொழிற்சாலையிலேயே அதன்மேல் கடினமான ஒரு மெல்லிய பூச்சு ஏற்றுகிறார்கள். வெயிலும் மணலும் சேர்ந்து முதலில் தின்பது அந்தப் பூச்சைத்தான். அது வெடித்து உரியும்போது வெண்புகை மாதிரித் தெரியும். அதற்குப் பிறகு கதிர் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகளையே உடைக்கத் தொடங்கும், மஞ்சள் ஏறும். டோக்கியோ இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 36 பாகையில். கொழும்பு 7 பாகையில். வருடத்தில் இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வரும் தீவில் அந்தப் பூச்சு சீக்கிரம் தோற்பதில் வியப்பில்லை.

மங்கிய விளக்கு எவ்வளவு வெளிச்சத்தை விழுங்குகிறது? அமெரிக்காவின் வாகன உரிமையாளர் சங்கமான ட்ரிபிள் ஏ 2018இல் இதை அளந்து பார்த்தது. மோசமாக மஞ்சளடித்த ஹெட்லைட்டிலிருந்து, புதிதாக இருந்தபோது வந்ததில் ஏறக்குறைய 20 சதவீதமே வெளியே வந்தது. தேய்த்துப் பளபளப்பாக்கினால் அது 70 சதவீதம் வரை ஏறியது. வேறு நிறுவனங்கள் செய்யும் மாற்று விளக்கைப் பூட்டினால் 83 முதல் 90 வரை. கார் நிறுவனத்தின் அசல் விளக்கு மட்டுமே முழு 100. ஏ9 வீதியில் இரவு 11 மணிக்கு, பின்விளக்கே இல்லாமல் போகும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமோ நடுவீதியில் படுத்திருக்கும் மாடோ எப்போது கண்ணில் படும் என்பதை அந்த 20 சதவீதம்தான் தீர்மானிக்கிறது.

மூடி மங்கியது மட்டும்தான் குறை என்றால் விளக்கை மாற்றத் தேவையில்லை. 800 அல்லது 1000 இலக்க ‘வெட்’ உப்புத்தாளில் தொடங்கி 1500, 2000, 3000 என்று ஏறி, தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்து, பாலிஷ் பிடித்தால் தெளிந்துவிடும். ஆனால் தேய்த்தபோது பழைய பூச்சின் மிச்சமும் போய்விட்டது. புற ஊதாவைத் தாங்கும் ‘கிளியர் கோட்’ ஒன்றை அன்றைக்கே அடிக்காவிட்டால் சில மாதங்களில் பழையபடி மஞ்சள் வந்து நிற்கும். பற்பசை வைத்தியத்தின் கதை இதுதான்: தேய்க்கும், காக்காது. நுளம்பு விரட்டும் மருந்தைத் தடவினால் பளிச்சென்று ஆகும் என்பவர்களும் இருக்கிறார்கள். அதிலுள்ள டீட் என்ற இரசாயனம் பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைத்துச் சமப்படுத்துவதால் அப்படித் தெரிகிறது. தின்னரும் பெற்றோலும் இன்னும் மோசம். துடைத்த இடத்தில் தலைமுடி மாதிரி நுண்வெடிப்புகள் ஓடினால் அதைத் திருத்தவே முடியாது.

உள்ளே மெல்லிய நீராவி படிந்து, லைட் போட்டுச் சற்று நேரத்தில் போய்விட்டால் பயப்பட வேண்டாம். இன்றைய ஹெட்லைட்டுகளில் அநேகமாக எல்லாவற்றுக்கும் பின்னால் மூச்சுக்குழாய் உண்டு. அடியில் தண்ணீர் தேங்கினால்தான் எங்கோ வெடிப்பு. அதேபோல, மோதலில், காரோடு பூட்டும் காது உடைந்த விளக்கை உடனே தூக்கி எறியத் தேவையில்லை. பல ஜப்பானிய மாடல்களுக்கு அந்தக் காதை மட்டும் தனியே விற்கிறார்கள்; பழையதை வெட்டிவிட்டு ஸ்குரூ போட்டு இறுக்கலாம்.

மூடியே பிளந்துவிட்டால்தான் பஞ்சிகாவத்தைக்குப் போக வேண்டும். கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் என்றால் அந்தப் பெயர்தான். அங்கே ‘அக்குவா லைட் ஒன்று’ என்று கேட்பவர் பாதித் தகவலுடன்தான் போகிறார். ஒரே காருக்கு, தரத்தைப் பொறுத்து ஹலஜன், எல்ஈடி என்று ஜப்பானிலேயே வேறு வேறு விளக்குகள் பூட்டப்பட்டிருக்கும். இடையில் முகத்தோற்றம் மாறியிருந்தால் வடிவமும் மாறும். என்எச்பி10 என்ற சேஸிஸ் குறியீடு மட்டும் போதாது. உடைந்த விளக்கின் மூடியை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கொய்ட்டோ, ஸ்டான்லி, இச்சிக்கோ என்று செய்தவரின் பெயரும் பக்கத்தில் ஓர் இலக்கமும் வார்ப்பிலேயே பதிந்திருக்கும். ஜப்பானில் பழைய விளக்குகளை வகைப்படுத்துவது அந்த இலக்கத்தை வைத்துத்தான். அதைப் படம் எடுத்துக்கொண்டு போனால் வாக்குவாதம் இல்லை. (ஸ்டான்லி எலக்ட்ரிக் 1920இல் தொடங்கிய ஜப்பானிய நிறுவனம், ஆபிரிக்காவைச் சுற்றிய ஹென்றி மோர்ட்டன் ஸ்டான்லியின் பெயரைத் தேடிப்பிடித்து வைத்துக்கொண்டது.)

இலக்கத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, வெளியே பார்த்தால் தெரியாது. டிம் வெளிச்சம் இரு பக்கமும் ஒரே மாதிரி விழுவதில்லை. ஒரு சுவரில் அடித்துப் பாருங்கள்: மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் கத்தியால் வெட்டியது போன்ற கோடு. அந்தக் கோடு வலப்பக்கம் தாழ்ந்து சமமாக ஓடும், இடப்பக்கம் உயரும். எதிரே வருபவர் வலப்பக்கம் வருகிறார், அவர் கண்ணைக் கூசவைக்கக் கூடாது. இடப்பக்கம் வீதியோரம், அங்கே நடப்பவரும் சைக்கிள்காரரும் தெரிய வேண்டும். இது ஜப்பான், இலங்கை, இந்தியா, பிரித்தானியா போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு. அமெரிக்கா, ஐரோப்பியப் பெருநிலம், வளைகுடா நாடுகளுக்கு அப்படியே தலைகீழ். துபாயிலிருந்து வந்த விளக்கு உருவத்தில் அச்சொட்டாக ஒன்றாக இருக்கும், கச்சிதமாகப் பொருந்தும், எதிரே வரும் பஸ் ஓட்டுநரின் கண்ணில் நேரே போய் அடிக்கும். ரஷ்யாவின் விளாடிவொஸ்தொக்கில் இதே பிரச்சினை எதிர்ப்பக்கமாக: வலப்பக்கம் ஓட்டும் ஊரில் ஜப்பானின் பழைய கார்கள் நிறைந்து, இடப்பக்கம் உயரும் வெளிச்சத்தோடு ஓடுகின்றன.

சுவர் கிடைக்காத கடையில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஐ.நா. விதிப்படி அங்கீகரிக்கப்பட்ட விளக்கின் மூடியில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எண் அங்கீகாரம் கொடுத்த நாட்டைக் குறிக்கும், ஜப்பானுக்கு 43. பக்கத்தில் அம்புக்குறியைத் தேடுங்கள். விளக்குக்கு எதிரே நிற்கும் உங்களின் வலப்பக்கத்தை அம்பு காட்டினால் அது இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது. இருமுனை அம்பு என்றால் இரண்டுக்கும் மாற்றலாம். முத்திரை இருந்தும் அம்பு இல்லையென்றால் அது வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு. வைத்துவிட்டு வாருங்கள்.

கழற்றிப் பூட்டுவதில் பெரிய வித்தை இல்லை. பெரும்பாலும் முன் பம்பரைத் தளர்த்தாமல் கடைசி போல்ட் கைக்கு எட்டாது; ஜப்பானியப் பிளாஸ்டிக் கிளிப்புகள் பத்து வருட வெயிலுக்குப் பிறகு பிஸ்கட்டாக நொறுங்கும் என்பதால் புதுக் கிளிப் ஒரு பொதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஹலஜன் பல்பின் குவார்ட்ஸ் கூட்டை விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் சூடேறிக் கூடு பழுதாகும். ஸெனன் விளக்கு பற்றவைக்கும் கணத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும். பற்றரியைக் கழற்றாமல் அதில் கை வைக்கக் கூடாது.

பெரும்பாலான கராஜ்களில் தவறவிடுவது அடுத்த படியைத்தான். விளக்கு எரிந்ததும் வேலை முடிந்தது என்று பொனட்டை மூடிவிடுகிறார்கள். சமதரையில், டயர்க் காற்று சரியாக இருக்க, ஓட்டுநர் ஆசனத்தில் ஒருவரை உட்காரவைத்து, சுவருக்கு 10 மீற்றர் தூரத்தில் காரை நிறுத்துங்கள். விளக்கின் நடு, தரையிலிருந்து 65 சென்றிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், சுவரில் அந்தக் கோடு 55இல் விழ வேண்டும். 10 மீற்றருக்கு 10 சென்றிமீற்றர் இறக்கம். அப்படியானால் வெளிச்சம் சுமார் 65 மீற்றரில் தரையைத் தொடும். விளக்கு ஒரே ஒரு பாகை மேலே தூக்கிவிட்டால் கோடு இறங்குவதற்குப் பதிலாக ஏறத் தொடங்கும். 60 மீற்றரில் அது தரையிலிருந்து 110 சென்றிமீற்றர் உயரத்தில் நிற்கும். எதிரே வரும் காரோட்டியின் கண் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. பின்பக்கத்திலுள்ள திருகைப் பாதிச் சுற்று சுற்றப் பஞ்சிப்பட்டதன் விலை அது. ஹலஜன் விளக்குக்குள் மலிவு எல்ஈடி பல்பைச் செருகினாலும் விளைவு ஏறத்தாழ இதுதான். ஒளிதெறிப்பான், இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வார்க்கப்பட்டது. ஒளி வேறிடத்திலிருந்து புறப்பட்டால் கோடு கலைந்துவிடும்.

2025க்குப் பிறகு புதிதாக இறக்குபவர்கள், ஜப்பானில் கார் ஏலம் போகும்போது எழுதப்படும் ஏலத்தாளைக் கவனமாகப் படிக்கட்டும். தரப் புள்ளி 4.5 என்று பெரிதாக இருக்கும். விளக்கு மங்கியிருப்பதை, ஓரத்தில் கையால் கிறுக்கிய ஜப்பானியக் குறிப்பில்தான் எழுதுவார்கள். மொழிபெயர்க்கும் முகவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். வற்புறுத்திக் கேட்க வேண்டும். நல்ல விளக்கோடு வந்து சேர்ந்தால், முதல் மாதத்திலேயே தெளிவான பொலியூரித்தேன் ஃபிலிம் ஒட்டிவிடுங்கள். 0.2 மில்லிமீற்றர் தடிப்புத்தான். மணலும் வெயிலும் முதலில் அதைத்தான் தின்னும், தேய்ந்தால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம். கடைக்காரர் ‘ஸ்மோக்’ நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டி, வாகனம் முறைப்பாக இருக்கும் என்பார். தெளிந்ததையே கேளுங்கள்.