ஆக்சிஜன் வெளியேற்ற வினையூக்கிகளின் நீடித்துழைப்பும் ‘வினையூக்கி’ என்னும் கலைச்சொல்லின் பொருள் எல்லையும்

முன்னுரை

வேதிவினையின் வேகத்தை மாற்றி, இறுதியில் தான் மாற்றமுறாது எஞ்சும் பொருளே வினையூக்கி என்பது பாடநூல்வழி நிலைபெற்ற வரையறை. நீரை மின்னாற்பகுத்து ஹைட்ரஜன் பெறும் துறையில் இவ்வரையறையின் பிற்பகுதி முழுமையாகப் பொருந்துவதில்லை. அதனை விளக்கி, உரிய கலைச்சொல் வேறுபாட்டை முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நேர்மின்முனையின் சூழல்

நீரைப் பகுக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். ஆனால் நேர்மின்முனையில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலக்ட்ரான்கள் நீங்க வேண்டும். இவ்வினை மெதுவாக நிகழ்வதால் மிகை மின்னழுத்தம் தேவைப்படுகிறது. அதனைக் குறைப்பதே வினையூக்கியின் பணி. ஆயினும், ஆக்சிஜனை வெளிப்படுத்தும் அதே மின்னழுத்தம் வினையூக்கியையும் ஆக்சிஜனேற்றி அரிக்கிறது. அமிலச் சூழலில் ருத்தேனியம் ஆக்சைடு, இரிடியம் ஆக்சைடைவிடச் செயலூக்கம் மிக்கது. எனினும் விரைவாகக் கரைகிறது. மெதுவாகக் கரையும் இரிடியமோ புவியில் மிக அரியது. அதன் ஆண்டு உற்பத்தி 10 டன்னுக்கும் குறைவே.

வடிவமைப்பு நெறிகள்

அழிவை முற்றிலும் தடுக்க இயலாதபோது அதனை ஈடுசெய்வது ஒரு வழி. 2008இல் மேத்யூ கானன், டேனியல் நொசெரா ஆகியோர் கண்டறிந்த கோபால்ட்–பாஸ்பேட் வினையூக்கி இதற்குச் சான்று. அதிலிருந்து கரையும் கோபால்ட் அயனிகள், கரைசலில் பாஸ்பேட் இருக்கும்போது, மின்முனையில் மீண்டும் படிகின்றன. காரச் சூழலில் செயல்படும் நிக்கல்–இரும்பு வினையூக்கிகளிலும் கரையும் இரும்பைக் கரைசலில் உள்ள இரும்பு அயனிகள் ஈடுசெய்யக்கூடும்.

மற்றொரு வழி, அழிவை அளந்து ஒப்பிடுவது. 2018இல் முன்வைக்கப்பட்ட ‘நிலைப்பு எண்’, கரைந்த ஓர் இரிடியம் அணுவுக்கு எத்தனை ஆக்சிஜன் மூலக்கூறுகள் வெளிப்பட்டன என்பதைக் காட்டுகிறது. வினையூக்கி கரையும் என்பதை ஏற்றுக்கொண்டே இவ்வளவை அமைந்துள்ளது.

கலைச்சொல் நோக்கு

தமிழில் வழங்கும் ‘வினையூக்கி’, ‘வினைவேக மாற்றி’ ஆகிய இரு சொற்களும் செயலை மட்டுமே சுட்டுகின்றன. மாறாமை என்னும் பண்பு வரையறையில்தான் உள்ளது, சொல்லில் இல்லை. எனவே சொல்லை மாற்ற வேண்டியதில்லை. வரையறையைத் திருத்தினால் போதும். வினையை விரைவுபடுத்தும் திறனைச் ‘செயலூக்கம்’ எனவும், கரையாது நிற்கும் இயல்பை ‘நிலைப்பு’ எனவும், கரைந்தும் மீளப்படிந்தும் நெடுங்காலம் பணிபுரியும் ஆற்றலை ‘நீடித்துழைப்பு’ எனவும் வேறுபடுத்தலாம். கோபால்ட்–பாஸ்பேட் படலத்தில் நிலைப்புக் குறைவு; நீடித்துழைப்பு உண்டு. ஒரே சொல்லால் இவ்விரண்டையும் குறித்தால் இவ்வேறுபாடு மறைந்துவிடும்.

முடிவுரை

வினையூக்கி வினையின் சமன்பாட்டில் செலவாவதில்லை. ஆனால் வினை நிகழும் சூழலில் தேய்கிறது. இவ்விரு கூற்றுகளையும் சேர்த்துரைக்கும் வரையறையே இன்றைய அறிவியல் தமிழுக்கு ஏற்றதாகும்.