நோய்க்கட்டியைத் தேடும் நுண்ணலை

இரவு மிஞ்சிய சோற்றைப் பீங்கான் தட்டில் இட்டு நுண்ணலை அடுப்பில் வைத்தெடுக்கும் இல்லத்தரசியர் ஒன்றைக் கவனித்திருப்பர். சோற்றில் ஆவி பறக்கும். தட்டோ அவ்வளவாகச் சுடாது. காரணம் எளிது. சோற்றில் நீர் உண்டு, பீங்கானில் இல்லை. நுண்ணலைக்கு நீரோடுதான் உறவு. நீர் மிகுந்த பொருளைப் பற்றிக்கொள்ளும். நீரற்ற பொருளை ஊடுருவிச் சென்றுவிடும். அடுக்களையில் நாள்தோறும் நிகழும் இச்சிறு சங்கதியைக் கொண்டு, பெண்ணின் மார்பகத்தினுள் மறைந்து வளரும் புற்றுநோய்க் கட்டியைக் காணல் கூடுமா என்று விஞ்ஞானிகள் சிலர் வினவினர். அவ்வினாவுக்கு விடை தேடிய கதையையே நேயர்களுக்கு ஈண்டுச் சொல்லப் புகுகின்றோம். வெற்றி முரசு கொட்டி முடியும் கதையன்று இது. அதனை முன்னரே சொல்லிவிடுகின்றோம்.

உலகில் மாதரைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் மார்புப் புற்றுநோயே தலையானது. 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களிடம் அது புதிதாகக் காணப்பட்டது. ஏறத்தாழ 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர். இலங்கைப் பெண்களிடையேயும் முதலிடம் அந்நோய்க்கே. கட்டி சிறிதாயிருக்கும்போதே கண்டால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி என்பது யாவரும் அறிந்ததே. எவ்வாறு காண்பது என்பதே கேள்வி.

பேர்லின் நகரத்துச் சத்திரசிகிச்சை வைத்தியரான அல்பேட் சாலமன், அறுத்தெடுக்கப்பட்ட 3,000 மார்பகங்களை எக்ஸ்-கதிரால் படம்பிடித்து ஆராய்ந்து 1913இல் வெளியிட்டார். இன்று மமோகிராம் என வழங்கும் சோதனைக்கு அதுவே வித்து. அச்சோதனையால் காப்பாற்றப்பட்டோர் எண்ணற்றோர். எனினும் அதற்கு ஒரு குறை உண்டு. கொழுப்பு மிகுந்த மார்பகம் படத்தில் கருமையாகத் தோன்றும். அதனுள் கட்டி வெண்மையாகத் தெரியும். இளம் பெண்கள் பலருடைய மார்பகத்திலோ கொழுப்புக் குறைவு; பால்சுரப்பி இழையமும் நாரிழையமும் அடர்ந்திருக்கும். அவ்விழையங்களும் வெண்மை, கட்டியும் வெண்மை. பஞ்சுப் பொதிக்குள் வெள்ளை முத்தைத் தேடும் நிலைதான். வயது முதிர்ந்த பெண்களிலும் இத்தகைய அடர்ந்த மார்பகம் உடையோர் பலர். “ஒன்றுமில்லை” என்ற விடையைப் பெற்றுக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்பிய பெண்ணுக்குள் ஒன்று இருந்திருக்கக்கூடும் என்பதை எண்ணும்போதே நெஞ்சு துணுக்குறுகின்றது. மார்பகத்தை இரு தகடுகளுக்கிடையே அமுக்கும் வேதனையைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை, அனுபவித்தோர் அறிவர்.

புற்றுநோய்க் கட்டி குருதியும் நீரும் மிகுந்தது. கொழுப்போ நீர் குன்றியது. ஆதலால் நுண்ணலைக்கு இரண்டும் வெவ்வேறாகத் தோன்றவேண்டும். 1984இல் இந்திய ஆய்வாளர் சிலரும், 1994இல் அமெரிக்க ஆய்வாளர் சிலரும் இழையங்களின் மின்னியல்பை அளந்து, நோயுற்ற இழையத்துக்கும் நல்ல இழையத்துக்கும் பெரும் வேறுபாடு உண்டு என்று எழுதினர். 1998இல் சூசன் ஹக்னஸ் அம்மையார், தம் ஆசிரியர் அலன் டஃப்லவ், ஜாக் பிரிட்ஜஸ் ஆகியோருடன் சேர்ந்து ஓர் ஆய்வுரை வெளியிட்டார். கப்பலையும் விமானத்தையும் இருளில் தேடும் ராடாரைப் போல, நுண்ணலைத் துடிப்பொன்றை மார்பகத்தினுள் செலுத்தி, கட்டியில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கலாம் என்பது அதன் சாரம். எக்ஸ்-கதிரின் கேடு இல்லை, அமுக்குதல் இல்லை, வேண்டும் சக்தியோ கைத்தொலைபேசி வெளிவிடுவதிலும் குறைவு. அன்று அது கணினிக்குள் மட்டும் நடந்த சோதனை. ஆயினும் பல நாட்டு ஆய்வுகூடங்கள் விழித்துக்கொண்டன.

சொல்வது எளிது; செய்வது அரிது. மார்பகத்தினுள் ஒரு சென்ரிமீற்றரைக் கடக்க நுண்ணலைக்கு ஒரு வினாடியின் ஆயிரம் கோடியிலொரு பங்கு நேரமே ஏறக்குறையச் செல்லும். அத்துணை நுண்ணிய கால வேறுபாட்டைப் பிரித்தறிய மிகக் குறுகிய துடிப்பு வேண்டும். துடிப்புக் குறுகக் குறுக, அதனுள் அடங்கும் மீடிறன்களின் வீச்சு அகலும். இங்கேதான் ஏரியல் என்று நாம் வழங்கும் அன்ரெனாவின் சங்கடம் தொடங்குகின்றது. சாதாரண ஏரியல் ஒரு குறித்த மீடிறனுக்கென அமைந்தது. குறுந்துடிப்பைக் கொடுத்தால், அடித்த மணி நெடுநேரம் ரீங்கரிப்பதுபோல் அதுவும் அதிர்ந்துகொண்டேயிருக்கும். அவ்வதிர்வு அடங்குமுன்னரே கட்டியின் மெல்லிய எதிரொலி வந்து, கேட்பாரின்றிப் போய்விடும். போதாக்குறைக்குத் தோல் வேறு. காற்றிலிருந்து வரும் அலையைத் தோல் பெரிதும் திருப்பியடித்துவிடும். கோயிற் காண்டாமணி ஒலிக்கையில் ஒரு குழந்தையின் கொலுசொலியைச் செவிமடுக்க முயல்வது போலத்தான்.

ஆகவே ரீங்கரிக்காத ஏரியலைத் தேடினர். 1979இல் கிப்சன் என்னும் ஆங்கிலேயர் ஒருவகை ஏரியலை அமைத்து, இத்தாலிய இசைமேதை விவால்டியின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார். செப்புத் தகட்டிடையே ஒடுங்கிய பிளவாகத் தொடங்கி, வரவர வளைந்து விரிந்து, நாதசுரத்தின் அணைசுபோல வாய் அகலும் வடிவம் அது. ஒடுங்கிய இடம் உயர்ந்த மீடிறன்களையும் அகன்ற இடம் தாழ்ந்த மீடிறன்களையும் வெளிவிடும். கனடாவிலுள்ள கல்கரிப் பல்கலைக்கழகத்தில் இலீஸ் ஃபியர் அம்மையாரின் குழுவினர் இவ்வடிவத்தையே மூன்று செப்புப் படைகளாகச் செம்மைப்படுத்திக் கையாண்டனர். அளவும் ஒரு தொல்லை. தாழ்ந்த மீடிறன் ஆழம் செல்லும். ஆனால் படம் மங்கலாகும், ஏரியலும் பெருக்கும். உயர்ந்த மீடிறன் கூர்மையாகக் காட்டும். ஆனால் வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஏரியலையும் மார்பகத்தையும் தக்கதொரு திரவத்தில் அமிழ்த்தினால் அலைநீளம் குறுகும், ஏரியலையும் சிறிதாக்கலாம், தோலில் மோதித் திரும்பும் அலையும் குறையும். ஒரே உபாயத்தால் மூன்று காரியம். இதைக் கண்டவர்களை நாம் மெச்சாதிருக்க முடியவில்லை.

இனி, இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்ததைச் சொல்லவேண்டும். றால்ப் பெஞ்சமின் என்பார் 1922இல் ஜேர்மனியிற் பிறந்து, 1939இல் அகதியாக இங்கிலாந்தை அடைந்தவர். பிரித்தானியக் கடற்படைக்காக ராடார் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். கணினித் திரையில் குறியை நகர்த்தும் உருளைப் பந்தை 1946இலேயே கண்டுபிடித்தவரும் இவரே. முதுமையில் பிரிஸ்டலில் இயன் கிரடொக் என்னும் பேராசிரியருடன் சேர்ந்து, நிலத்தில் புதைந்த கண்ணிவெடிகளை ராடாரால் தேடும் முறையை ஆராய்ந்தார். கண்ணிவெடி என்றால் என்ன என்று விளக்கவேண்டிய நாடன்று நம்முடையது. மண்ணுக்குள் மறைந்ததைக் காணும் கணக்கே மார்பகத்துள் மறைந்ததையும் காட்டும் என அவர்கள் கண்டனர்.

அக்கணக்கு இதுதான். ஏரியல்கள் பலவற்றை ஒரு கிண்ணத்தின் வடிவில் அடுக்குவர். பெண் குப்புறப் படுத்து மார்பகத்தை அக்கிண்ணத்தில் அமர்த்துவார். ஒரு ஏரியல் பேச, மற்றவை கேட்கும். பின் அடுத்தது பேசும். பிரிஸ்டற் கருவி பிற்காலத்தில் 60 ஏரியல்களைக் கொண்டிருந்தது. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 1,770 சோடிகள். பின்னர், மார்பகத்தின் ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து, “கட்டி இங்கே இருந்தால் எதிரொலி எந்தச் சோடிக்கு எப்போது வந்திருக்கும்?” என்று கணினி கணக்கிட்டு, அத்தனை எதிரொலிகளையும் அந்நேரத்துக்கு ஒழுங்குபடுத்திக் கூட்டும். உண்மையிலேயே அங்கே கட்டி இருப்பின், எல்லோரும் ஒரே மூச்சில் வடம் பிடித்தால் தேர் அசைவதுபோல எதிரொலிகள் ஒன்றுதிரண்டு வலுக்கும். இல்லையேல் ஆளுக்கொரு திசையில் இழுத்துத் தம்முள் அழிந்துபோகும். அலை இழையத்தில் எவ்வேகத்தில் செல்கிறது என்ற கணிப்புப் பிழைத்தாலோ, வடம்பிடிப்போரின் தாளமும் பிழைத்துவிடும்.

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் போல் மீனி, கீத் போல்சன் ஆகியோர் வேறு வழியிற் சென்றனர். எதிரொலியைக் கேளாது, மார்பகத்தை ஊடறுத்துச் சென்ற அலை எவ்வளவு தேய்ந்தது, எவ்வளவு பிந்தியது என்று பார்த்துப் படம் வரைந்தனர். கிளிசரீன் கலந்த நீர்த்தொட்டியில் வட்டமாக நின்ற 16 ஏரியல்கள் அவர்களுடைய கருவி. 2000ஆம் ஆண்டிலேயே பெண்களை அதனாற் பரிசோதித்து எழுதிவிட்டனர்.

இவ்வளவும் ஒரே அத்திவாரத்தின்மேல் எழுந்த மாளிகை: நோயுற்ற இழையமும் நல்ல இழையமும் பெரிதும் வேறுபடும் என்னும் நம்பிக்கை. முந்தைய அளவீடுகளோ சிறு தொகையான மாதிரிகளைக் கொண்டவை, ஒன்றோடொன்று ஒவ்வாதவை. அத்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கத் துணிந்தவர் வேறு யாருமல்லர். மாளிகைக்குத் திட்டம் வரைந்தோருள் ஒருவரான ஹக்னஸ் அம்மையாரே. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திலும் கல்கரியிலும் சத்திரசிகிச்சையின்போது அகற்றப்பட்ட இழையங்களை உடனுக்குடன் பெற்று, மாரியா லசெப்னிக் அம்மையார் முதலானோர் அளந்தனர். மார்பகத்தின் பருமனைக் குறைப்பதற்காகச் செய்த சத்திரசிகிச்சைகளிலிருந்து நல்ல இழையமும், புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைகளிலிருந்து நோயுற்ற இழையமும் கிடைத்தன. மெல்லிய அளவுகோலின் முனை தொட்ட அதே இடத்தில் கொழுப்பு எத்தனை வீதம், சுரப்பி எத்தனை வீதம், நார் எத்தனை வீதம் என்பதையும் குறித்தனர். இவ்வளவு நுட்பமாக முன்னர் எவரும் செய்ததில்லை.

2007இல் முடிவு வெளியாயிற்று. கொழுப்புக்கும் கட்டிக்குமுள்ள வேறுபாடு பத்து மடங்குவரை இருந்தது, அது நற்செய்தி. ஆனால் சுரப்பி, நார் இழையங்களுக்கும் கட்டிக்குமுள்ள வேறுபாடு நூற்றுக்குப் பத்து வீதமளவைத் தாண்டவில்லை. நல்ல சுரப்பி இழையத்திலும் நீர் மிகுதியன்றோ! மமோகிராம் கைவிட்ட அடர்ந்த மார்பகத்துக்கு உதவுமென்றே இக்கருவியை எதிர்பார்த்திருந்தனர். அங்கேயே அதற்கும் கண் மங்கியது. தம் நம்பிக்கைக்கு மாறாக வந்த எண்களை ஒளிக்காது அச்சேற்றிய அவ்வாய்வாளர்பால் எமக்குப் பெருமதிப்பு உண்டு.

ஆராய்ச்சி அத்தோடு நின்றுவிடவில்லை. பிரிஸ்டற் கருவியை, மார்பில் நோய்க்குறி கண்டு வந்த 86 பெண்களிடம் சோதித்து 2016இல் அறிக்கை வெளியிட்டனர். ஏறத்தாழ முக்காற் பங்கினரில் கருவி கட்டியைக் காட்டியது. அடர்ந்த மார்பகங்களிலும் அது சோர்ந்துவிடவில்லை. எண்ணிப் பாராததோர் ஆறுதல் இது. ஆயினும் நோய்க்குறியோடு வந்தவரிடம் காண்பது வேறு, நோய்க்குறி யாதுமற்ற ஆயிரவரில் ஒருவரைத் தெரிந்தெடுப்பது வேறு. ஆகவே மமோகிராமுக்கு மாற்றாக நுண்ணலைக் கருவி இன்னும் வழக்குக்கு வந்திலது. மார்பில் கட்டியோ, தோற் சுருக்கமோ, முலைக்காம்பில் குருதிக்கசிவோ கண்ட சகோதரிகள் புதுக் கருவிக்காகக் காத்திராது வைத்தியரை நாடவேண்டும். நம் நாட்டுச் சுகவனிதையர் கிளினிக்குகளில் மார்பகப் பரிசோதனை இலவசமாகவே நடைபெறுகின்றது. வெட்கத்தாற் போகாதிருப்போரே அதிகம் எனக் கேள்வியுறுகின்றோம்.

டார்ட்மத் குழுவினரோ தம் கருவிக்கு வேறொரு பணி கண்டனர். சத்திரசிகிச்சைக்கு முன் மருந்தேற்றிக் கட்டியைச் சுருக்கும் சிகிச்சை பெறும் பெண்களுள், மருந்து யாருக்கு வேலை செய்கிறது, யாருக்கு இல்லை என்பதை மாதக்கணக்கிற் காத்திராது அறியவேண்டும். சில பெண்களை இவ்வாறு இடையிடையே படம்பிடித்து 2013இல் அதன் பலனை எழுதினர். இங்கே கட்டி எங்கே இருக்கிறதென்று தேடவேண்டியதில்லை, அது தெரிந்ததே. ஒரு பெண்ணின் மார்பகத்தை மற்றொருத்தியினதோடு ஒப்பிடவேண்டியதுமில்லை. மருந்து பற்றினால் கட்டியின் நீரும் குருதியும் வற்றும். வற்றினால் நுண்ணலைப் படம் மாறும். அவள் மருந்தேற்றத் தொடங்குமுன் எடுத்த படமே அவளுக்கு அளவுகோல்.