கம்பியிணைப்பில் பிறக்கும் நாதம்

வீணையில் தந்தியும் குடமும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக அமைந்துள்ளன. நாதத்தைப் பிறப்பித்தல், அதற்குக் குணம் அளித்தல், அதை எழுப்பி அடக்குதல் ஆகிய வேலைகளைத் தனித்தனிப் பகுதிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, அவற்றை வேண்டியவாறு கம்பிகளால் இணைத்துக்கொள்ள இடமளிக்கும் மின்னணு வாத்தியமே மாடுலர் சின்தசைசர் ஆகும். அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்பவர் 1964-ஆம் ஆண்டில் இத்தகைய கருவியை அமைத்தார்.

இதன் அடிப்படைப் பகுதிகள் நான்கு. ஆஸிலேட்டர், மின் அலைவை உண்டாக்குகிறது. வடிகட்டி, அந்த அலையிலுள்ள மேற்சுரங்களில் சிலவற்றைக் குறைத்து நாதத்தின் தன்மையை மாற்றுகிறது. பெருக்கி, ஒலியின் அளவை நிர்ணயிக்கிறது. நான்காவது பகுதி, ஒலி எவ்வளவு விரைவில் எழுந்து எவ்வாறு அடங்கவேண்டும் என்பதைப் பெருக்கிக்கு உணர்த்துகிறது. எல்லாவற்றிற்கும் கட்டளையிடுவது மின்னழுத்தமே. மூக் கையாண்ட முறைப்படி, ஆஸிலேட்டருக்கு ஒரு வோல்ட் கூடுதலாகக் கொடுத்தால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். உதாரணமாக, 220 அதிர்வெண்ணுள்ள ஒலி, ஒரு வோல்ட் கூடினால் 440 ஆகவும், இரண்டு வோல்ட் கூடினால் 880 ஆகவும் ஆகிறது. மின்னழுத்தத்தை விநாடிக்கு ஐந்தாறு முறை சிறிதளவு ஏற்றி இறக்கினால், கம்பித கமகத்தை நினைவூட்டும் அசைவு சுருதியில் தோன்றும்.

இக்கருவி இந்தியாவுக்குப் புதியதன்று. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடரின் உதவியுடன் 1969-ஆம் ஆண்டில் ஒரு மின்னணு இசைக்கூடம் ஏற்பட்டது. அங்கு நிறுவப்பட்ட மூக் சின்தசைசரைக் கொண்டு கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை பல சோதனைகளை நடத்தினர். பின்னர் அம்முயற்சி ஏறக்குறைய மறக்கப்பட்டது. பால் பர்கஸ் என்னும் கலைஞர் 2017-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் பழைய ஒலிநாடாக்களைக் கண்டெடுத்தார். அவற்றிலிருந்து தொகுக்கப்பட்ட இசை 2023-இல் வெளிவந்தது.

இவ்வரலாறு தொடங்குவோருக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. அக்காலத்து மாடுலர் கருவியில் கம்பிகளைப் பிடுங்கியவுடன் நாதம் மறைந்துவிடும். குமிழ்கள் இருந்த நிலையும் நினைவில் நில்லாது. நாடாவில் பதிந்தது மட்டுமே எஞ்சும். எனவே கருவிக்கு முன்பாகவே வாங்கவேண்டியது ஒரு குறிப்புப் புத்தகம். எந்தப் பகுதியின் வெளிவாயில் எதன் உள்வாயிலுடன் சேர்ந்தது, எந்தக் குமிழ் எந்த எண்ணில் நின்றது என்பவற்றைப் படத்துடன் எழுதி வைத்தல் அவசியம்.

தொடக்கத்தில் மேற்கூறிய நான்கு பகுதிகளே போதுமானவை. ஒரு சமயத்தில் ஒரே கம்பியை மாற்றி, விளைவைக் கேட்டறிதல் நலம். 1990-களின் நடுப்பகுதியில் ஜெர்மனியில் தோன்றி, இன்று பெரிதும் வழங்கும் யூரோராக் முறையில், எல்லாப் பகுதிகளுக்கும் தேவையான மின்னோட்டத்தைக் கூட்டிப் பார்த்த பின்னரே மின்வழங்கியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பின்புறத்து நாடாக்கம்பியைத் திருப்பிச் செருகினால் பகுதி பழுதடையக்கூடும். பொருள் வசதியற்ற பள்ளிகள் வி.சி.வி. ராக் என்னும் மென்பொருளின் இலவசப் பதிப்பைக் கொண்டு கணிப்பொறியிலேயே பழகலாம். அலை, அதிர்வெண், மின்னழுத்தம் ஆகிய பாடங்களை மாணவர் காதால் கேட்டு உணர்வதற்கு இது நல்ல சாதனமாகும்.