மனுவை இயந்திரம் எழுதலாம், பொறுப்பேற்பது யார்?

2025 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில், வீடு வாங்கியோர் தரப்பு தாக்கல் செய்த மனு ஒன்றில் 1972-ஆம் ஆண்டின் ராஜ் நாராயண் – இந்திரா நேரு காந்தி தீர்ப்பிலிருந்து 73, 74-ஆம் பத்திகள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. அந்தத் தீர்ப்பில் இருப்பதே 27 பத்திகள்தான். செயற்கை நுண்ணறிவை நம்பி எழுதப்பட்ட மனு என்று எதிர்த்தரப்பு குற்றம்சாட்ட, மனு திரும்பப் பெறப்பட்டது. நியூயார்க்கில் 2023-இல் இதேபோல இல்லாத ஆறு வழக்குகளைச் சாட்ஜிபிடி சொல்லக் கேட்டு நீதிமன்றத்தில் வைத்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமோ 2024 டிசம்பரில் தானே பிறப்பித்த உத்தரவில் இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்றது தெரிந்து அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. இவற்றைப் படித்துவிட்டு இயந்திரத்தைத் திட்டுவது எளிது. ஆனால் பொதுமக்கள் கவனிக்க வேண்டியது வேறு. தொழில்நுட்பம் சட்டப் பணியின் வேகத்தையும் விலையையும் மாற்றியிருக்கிறது. பொறுப்பு யாருடையது என்பதை மாற்றவில்லை. நமக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே எந்தச் செயலி வந்து நின்றாலும், அதற்குப் பின்னால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு மனிதர் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வதே இன்றைக்கு ஒரு கட்சிக்காரரின் முதல் தற்காப்பு.

நன்மைகளை முதலில் சொல்லிவிட வேண்டும். 2007-இல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. இன்று கீழமை நீதிமன்றத்தில் பதிவாகும் ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 இலக்க அடையாளம் உண்டு. அதை இ-கோர்ட்ஸ் செயலியில் இட்டால் அடுத்த வாய்தா எப்போது, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, கடந்த முறை என்ன உத்தரவானது என்பது கைப்பேசியிலேயே தெரியும். வாய்தா தேதிக்காக வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த நிலைமை இதனால் மாறுகிறது. "கேஸ் போட்டாச்சு" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பவரிடம் சி.என்.ஆர். எண்ணைக் கேட்டாலே உண்மை வெளிவந்துவிடும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை 2023 முதல் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். பெரிய சட்ட நிறுவனங்களில் ஒப்பந்தங்களைச் சலித்துப் பார்க்கும் வேலையும் முன்தீர்ப்பு தேடும் வேலையும் மென்பொருளின் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. லண்டனின் ஆலன் அண்ட் ஓவரி 2023-இலேயே ஹார்வி என்ற மென்பொருளைத் தன் அலுவலகங்களில் கொண்டுவந்தது. இளம் வழக்கறிஞர்கள் நாள் முழுக்கச் செய்ததை அது நிமிடங்களில் முடிக்கிறது. இதில் வருந்த ஒன்றுமில்லை.

சிக்கல், அந்த நிமிட வேலையை யாரும் சரிபார்க்காமல் விடும்போது பிறக்கிறது. இந்த மென்பொருள்கள் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிப்பவை. தீர்ப்பு மாதிரி ஒன்றை அவை எழுதிவிடும், அது தீர்ப்புதானா என்று அவற்றுக்குத் தெரியாது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2024-இல் வழக்கறிஞர்களுக்கென்றே விற்கப்படும் கருவிகளைச் சோதித்தபோதுகூட, ஆறு கேள்விக்கு ஒன்று அல்லது அதற்கும் மேல் என்ற அளவில் கற்பனைப் பதில்கள் வந்தன. நம் ஊர் உதாரணம் ஒன்றைப் பாருங்கள். காசோலை திரும்பிவந்தால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் பெற்றவருக்குப் பணம் கட்ட 15 நாள் அவகாசம். அது கடந்தபின் ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும். மூன்று கெடுவில் ஒன்றை இயந்திரம் குழப்பிச் சொன்னால், வழக்கு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் வாசலிலேயே தடுமாறும். 2024 ஜூலை 1-க்குப் பின் நடந்த மோசடிக்கு, இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவைப் போட்டுப் புகார் எழுதித் தருவதும் இதே ரகம். அன்றிலிருந்து நடப்பில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 318. இழப்பு மென்பொருள் நிறுவனத்துக்கு அல்ல, கெடுவைத் தவறவிட்டவருக்கு. மனுவில் காட்டியிருக்கும் தீர்ப்புகளின் நகலைக் கேட்டுப் பெறுவதை உங்கள் உரிமையாகக் கொள்ளுங்கள். பொறுப்புள்ள வழக்கறிஞர் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள மாட்டார். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் வெளியிட்ட கொள்கையில், தீர்ப்புக்கோ நிவாரணத்துக்கோ செயற்கை நுண்ணறிவை நாடக் கூடாது என்று மாவட்ட நீதிபதிகளையே தடுத்திருக்கிறது. நீதிபதிக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், கட்சிக்காரருக்கு எச்சரிக்கை கூடுதலாகவே வேண்டும்.

இரண்டாவது அபாயம் கண்ணுக்குத் தெரியாதது. வழக்கறிஞரிடம் தொழில்முறையில் சொல்லும் ரகசியத்தை அவர் உங்கள் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று பாரதிய சாட்சிய அதினியம் 132-ஆம் பிரிவு காக்கிறது. குற்றம் செய்வதற்காகவே கேட்ட ஆலோசனை போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. சாட்பாட்டிடம் கொட்டும் ரகசியத்துக்கு இந்தக் காப்பு கிடையாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயின் தலைவர் சாம் ஆல்ட்மனே 2025-இல் இதைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். விவாகரத்துக்கு முன் கணவரோ மனைவியோ இரவில் தட்டச்சு செய்யும் கேள்விகள், சொத்துத் தகராறில் பதிவேற்றும் பத்திரங்கள், முதல் தகவல் அறிக்கையின் படம் எல்லாம் எங்கோ ஒரு சர்வரில் தங்குகின்றன. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமைகளை வகுத்திருக்கிறது. ஆனால் அழிக்கச் சொல்லும் உரிமை, சொல்லாமலே இருந்த ரகசியத்துக்கு ஈடாகாது. சட்டம் என்ன சொல்கிறது என்று பொதுவாகக் கேளுங்கள். பெயர், ஆதார், மருத்துவச் சீட்டு ஆகியவற்றைக் கொடுக்காதீர்கள். உங்கள் கட்டு வெளி மென்பொருளில் ஏற்றப்படுகிறதா என்று வழக்கறிஞரிடமும் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, "பத்து நிமிடத்தில் வக்கீல்" என்று அழைக்கும் செயலிகள். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி, பார் கவுன்சிலில் பதிவு பெற்றவரே நீதிமன்றத்தில் தொழில் செய்யலாம். பதிவின்றி அப்படித் தொழில் செய்வது ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரர் பிடிப்பதைத் தடுக்கும் விதியை மீறி இணையத் தளங்களில் இடம்பெறுவோர் மீது நடவடிக்கை எடுக்கும்படி, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வழக்கறிஞரின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 14-இல் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே வக்கீல் மீது குறை இருந்தால், வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி மாநில பார் கவுன்சிலில் ஒழுங்கு நடவடிக்கைப் புகார் தர வேண்டும். கவனக்குறைவால் நஷ்டம் நேர்ந்திருந்தால் உரிமையியல் வழக்கு வழியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு பேசுவது வழக்கறிஞரின் தொழிலைப் பற்றி. நடுவில் நின்று பணம் வாங்கும் நிறுவனத்துக்கு அது தானாகக் கவசமாகிவிடாது. எதுவானாலும் பெயர், பதிவு எண், கட்டண ரசீது, வக்காலத்தின் நகல் என்ற நான்கும் கையில் இல்லாவிட்டால் புகாரை நிரூபிப்பது கடினம்.

நான்காவது அபாயம் நம்மைத் தேடி வருவது. கடன் செயலிகளும் நிதி நிறுவனங்களும் மென்பொருளைக் கொண்டு ஒரே நாளில் பல்லாயிரம் வக்கீல் நோட்டீஸ்களை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடிகிறது. வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அல்ல. அதைப் பார்த்துப் பதற வேண்டாம், பதில் அனுப்பாமலும் இருக்க வேண்டாம். ஆன்லைன் நடுவர் தீர்ப்பாயம் என்று அழைப்பு வந்தால், வழக்கில் ஆதாயம் உள்ள தரப்பு தானே ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னதை எழுத்தில் குறிப்பிட்டு ஆட்சேபிக்கலாம். அவசரப்பட்டு "சம்மதம்" பொத்தானை அழுத்தக் கூடாது. தீர்ப்பே வந்துவிட்டாலும், நகல் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்கீழ் ரத்து செய்யக் கோரலாம். போலீஸ் விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வீடியோ அழைப்பிலேயே கைது என்று மிரட்டும் "டிஜிட்டல் அரெஸ்ட்" என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. லூதியானாவின் பெரிய தொழிலதிபர் ஒருவரிடமே 2024-இல் போலி உச்ச நீதிமன்ற விசாரணையை வீடியோவில் நடத்திக் காட்டி, 7 கோடி ரூபாயைக் கறந்தது மோசடிக் கும்பல். அதற்காக மின்னணு முறையில் வரும் எல்லாச் சம்மனையும் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸில் தேடுங்கள், சந்தேகமிருந்தால் அந்த நீதிமன்ற அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். வந்த செய்தியை அழிக்காமல் வையுங்கள். மின்னணு ஆதாரத்தை பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழுடன் தாக்கல் செய்யும்போது அசல் கைப்பேசி இருப்பது பெரிய பலம்.

இந்த எச்சரிக்கைகளுக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வக்கீல் கட்டணம் கொடுக்க வழியில்லாதவருக்கு, தவறக்கூடிய இயந்திரமும் ஒன்றுமில்லாததைவிட மேல் அல்லவா? புரிந்துகொள்வதற்கு, ஆம். ஆங்கில உத்தரவைத் தமிழில் படிக்க, என்ன ஆவணம் தேவை என்று பட்டியலிட, வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயாரிக்க அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தாக்கல் செய்வதற்கு அது போதாது. மேலும், ஏழைக்கு ஒன்றுமே இல்லை என்பதும் சரியல்ல. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. அந்த வழக்கறிஞரின் தரம் எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை என்பது உண்மைதான். அதைச் சீராக்கக் கோருவதே தீர்வு, பொறுப்பேற்காத ஒன்றிடம் ஏழைகளைத் தள்ளிவிடுவது அல்ல. வக்கீல்களும் தவறு செய்கிறார்களே என்பது இன்னொரு மறுப்பு. செய்கிறார்கள். அந்தத் தவறுக்கு ஒரு பெயர் இருக்கிறது, பதிவு எண் இருக்கிறது, புகாரை விசாரிக்கும் அமைப்பு இருக்கிறது. சாட்பாட்டின் தவறுக்கு, "பிழைகள் இருக்கலாம், சரிபார்த்துக்கொள்ளவும்" என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது.

ஆகவே எந்தச் சட்ட உதவியை ஏற்கும் முன்னும், இது தவறாகிப்போனால் நான் யாரைக் கேட்பது என்று ஒரு தடவை யோசியுங்கள். பதில் கிடைக்காவிட்டால் பணத்தையும் ஆவணத்தையும் கொடுக்காதீர்கள். இலவச சட்ட உதவிக்கு 15100, இணைய மோசடிக்கு 1930 என்ற இரண்டு எண்களையும் வீட்டில் எல்லோருடைய கைப்பேசியிலும் இன்றே பதிந்து வையுங்கள். மாவட்ட, தாலுகா நீதிமன்ற வளாகங்களில் இயங்கும் சட்ட உதவி அலுவலகத்தில், மனு எழுதுவது முதல் வழக்கறிஞர் நியமிப்பது வரை தகுதியுள்ளவருக்குச் செலவில்லை.