சிறு படகிற்கு எந்த ரீல்?

நற்செய்தி நூல்களில் வலை பல இடங்களில் வீசப்படுகின்றது; தூண்டிலோ ஒரே ஓர் இடத்தில்தான் போடப்படுகின்றது. கோவில் வரி செலுத்துவதற்காகக் கடலுக்குச் சென்று தூண்டில் போடுமாறு ஆண்டவர் புனித பேதுருவைப் பணித்த நிகழ்ச்சியை மத்தேயு நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தக் கலிலேய மீனவரின் கையில் இருந்தது வெறும் நூலாகவே இருந்திருக்க வேண்டும். நம் கடற்கரைப் பங்குகளிலும், கட்டுமரத்திலும் வள்ளத்திலும் அமர்ந்து தூண்டில் போடும் பெரியவர்கள் பலர் இன்றும் கையினாலேயே நரம்பை இழுக்கின்றனர். அவர்களுடைய ஆள்காட்டி விரலின் மடிப்பில் நரம்பு அறுத்த தழும்புகளைக் காணலாம்.

அண்மை ஆண்டுகளில் ஒரு மாற்றம் வந்துள்ளது. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது கம்பும் ரீலும் கொண்டு வருகின்றனர். கயாக் எனப்படும், ஒருவர் அமர்ந்து துடுப்பு வலிக்கும் சிற்றோடங்களும் ஆங்காங்கே கண்ணில் படுகின்றன. எந்த ரீல் வாங்கலாம் என்று நம்மிடம் வினவுவோரும் உளர். பொதுவாக விடை கூறுமுன், நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைக் கூறிவிடுகிறோம்.

தந்தைக்கு அறுபது வயது கடந்துவிட்டது. அவருடைய கை நோவதைக் கண்ட மூத்த மகன், பல மாதச் சேமிப்பைச் செலவிட்டுப் பெரியதொரு ரீல் வாங்கி வந்தான். பெரிதாயின் நல்லது என்பது அவனது எண்ணம். அதன் எடை ஒன்றரைக் கிலோவிற்கு மேல். நாற்காலியும் தோள்வாரும் பொருத்திய பெரிய படகுகளில் பயன்படுத்துவதற்கென அமைந்தது. தந்தையார் அதைத் தம் சிறு ஃபைபர் வள்ளத்தில் கொண்டு போனார். மீன் நரம்பை இழுத்துச் செல்லாதிருக்க, பிடியை முற்றிலும் இறுக்கி வைத்தார். பெரிய பாறை மீன் ஒன்று இரையைக் கவ்வி வள்ளத்தின் அடியில் பாய்ந்தது. நரம்பு விளிம்பில் குறுக்காக விழுந்து வள்ளத்தைச் சாய்த்தது. தண்ணீர் உள்ளே ஏறிற்று. இடுப்பிலிருந்த கத்தியால் நரம்பை அறுத்ததனாலேயே அவர் அன்று கரை சேர்ந்தார். “கை விட்டுக்கொடுக்கும் மக்களே, இந்த இரும்பு விட்டுக்கொடுக்காது” என்று மகனிடம் கூறி ரீலைப் பரணில் போட்டுவிட்டார். மகனுக்கு மனம் நொந்தது. தாயோ இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

குறை ரீல் என்ற பொருளில் இல்லை. தெரிவு செய்த முறையில் இருந்தது.

ரீல்கள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்று கம்பின் அடியில் தொங்குவது. அதன் உருளை சுழலாமல் நிற்க, ஒரு கம்பி வளையம் அதைச் சுற்றி வந்து நரம்பைச் சுற்றும். இலேசான இரையைத் தொலைவில் வீச இது ஏற்றது. மற்றொன்று கம்பின் மேல் அமர்வது. இதனையே மரபு ரீல் என்கின்றனர். இதில் உருளையே சுழல்கின்றது. நரம்பு வளையாமல் நேராக வந்து ஏறுகின்றது. ஆகவே கனத்த மீனைக் கீழிருந்து தூக்கும் வலிமை இதற்கு மிகுதி. சிறு படகில் இருப்பவருக்கு நெடுந்தூரம் வீசும் தேவை குறைவு. இரையை நேர்கீழாக இறக்குவதும், படகு ஓடுகையில் பின்னால் இழுத்துச் செல்வதுமே அவர் வேலை. எனவே மரபு ரீலே பொருத்தமானது என்பது நம் கருத்து. ஒரு தொல்லை உண்டு. ஈயம் தரையைத் தொட்ட பின்னும் உருளை சுழன்றுகொண்டே இருந்தால் நரம்பு குருவிக்கூடுபோல் சிக்கிவிடும். இறக்கும்போது பெருவிரலை உருளைமேல் மெல்ல வைத்திருக்கப் பழக வேண்டும். நூல் பிடித்துப் பழகிய கைக்கு இது ஒரே நாளில் வந்துவிடும்.

இந்த ரீலின் வரலாறும் சுவையானதே. 1820 வாக்கில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜார்ஜ் ஸ்னைடர் என்னும் கடிகாரத் தொழிலாளர், பற்சக்கரங்களின் உதவியால் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உருளை பல சுற்றுச் சுழலுமாறு அமைத்தார் என்பர். ஆயினும் பெரிய மீன் பாய்ந்தால் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல்களை நொறுக்கும் அபாயம் நெடுங்காலம் நீடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உருளை வழுக்கி நரம்பை விட்டுக்கொடுக்கையில் கைப்பிடி அசையாது நிற்கும் அமைப்பு பரவிற்று. இந்த விட்டுக்கொடுக்கும் பிடியையே டிராக் என்கிறோம்.

இந்த டிராக்தான் சிறு படகில் உயிர்நாடி. கடைக்காரர் பதினைந்து கிலோ, இருபது கிலோ டிராக் என்று பெருமையாகக் கூறுவார். கயாக்கில் அமர்ந்திருப்பவர் இருபது கிலோ இழுப்பைப் பக்கவாட்டில் தாங்க முடியுமா? ஓடம் கவிழும். நரம்பு அறும் எடையில் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்கிற்கு டிராக்கை வைப்பது வழக்கு. 15 கிலோ தாங்கும் நரம்பாயின் 4 அல்லது 5 கிலோ போதும். கரையிலேயே நரம்பின் நுனியைச் சுருள்வில் தராசில் கட்டி இழுத்துப் பார்த்து இதனைச் சரிசெய்துகொள்ளலாம். கயாக் இலேசானது, மீன் அதையும் சேர்த்து இழுத்துச் செல்லும், அந்த இழுவையே மீனைக் களைப்படையச் செய்யும். முகப்பை மீனின் திசைக்குத் திருப்பிக்கொள்வதே செய்ய வேண்டியது. மற்றொன்றையும் மறத்தலாகாது. நரம்பு வெளியேறி உருளையின் சுற்று பாதி விட்டமாகக் குறைந்தால், அதே டிராக்கின் இழுப்பு இருமடங்காகிவிடும். மீன் நெடுந்தூரம் ஓடிய பின் டிராக்கை மேலும் இறுக்குகிறவர் தம் நரம்பைத் தாமே அறுக்கிறார்.

டிராக்கைத் திருப்பும் அமைப்பிலும் இரு முறைகள் உள. கைப்பிடியின் அடியில் நட்சத்திர வடிவச் சக்கரம் இருப்பது ஒன்று. இது எளியது, விலை குறைவு. நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளுவது மற்றொன்று, இதில் முன்கூட்டியே வைத்த அளவிற்குக் கண் பாராமலே திரும்பி வரலாம், விலை அதிகம். முதன்முறை வாங்குபவருக்கு நட்சத்திரச் சக்கரமே போதுமென்போம்.

அடுத்தது வேகம். உருளையில் நரம்பின் சுற்று 4 சென்டிமீட்டர் விட்டம் உள்ளது எனக் கொள்வோம். பற்சக்கர விகிதம் ஆறுக்கு ஒன்றாயின் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் நரம்பு ஏறும். நான்குக்கு ஒன்றாயின் 50 சென்டிமீட்டர். இருபது பாக ஆழத்திலிருந்து, அதாவது 36 மீட்டரிலிருந்து, வெறும் ஈயத்தைத் தூக்க முன்னதற்கு 48 சுற்று, பின்னதற்கு 72 சுற்று. சீலா போன்ற விரைந்து பாயும் மீனுக்கு வேகம் வேண்டும். பாறையிடுக்கில் புகும் கலவாவை இழுத்தெடுக்கவோ குறைந்த விகிதமே கைக்கு இதமானது. வயதானவர்களுக்கும் அதுவே நன்று.

எடை அரைக் கிலோவிற்குள் இருக்கட்டும். பின்னல் நூல் நைலானைவிட மெல்லியதாயினும் வலியது. ஆதலால் சிறிய ரீலிலும் 250 மீட்டர் வரை அடங்கும். அதை நேரே உருளையில் சுற்றினால் வழுக்கும். அடியில் சில சுற்று நைலான் நரம்பைச் சுற்றிக்கொள்ள வேண்டும். நரம்பைத் தானே ஒழுங்காகப் பரப்பும் அமைப்பு உள்ள ரீல்களும் கிடைக்கின்றன. ஒரு கையில் துடுப்பு வைத்திருப்பவருக்கு அது வசதிதான். ஆனால் கயாக்கில் ரீல் நாள் முழுதும் உப்புநீரில் நனைவதால், அசையும் உறுப்பு எத்துணைக் குறைவோ அத்துணை நலம். கம்பையும் ரீலையும் ஓடத்தோடு கயிற்றால் பிணைத்துவிடுக. ஆனால் நரம்பைக் கையிலோ காலிலோ ஒருபோதும் சுற்றிக்கொள்ளலாகாது. உயிர்காப்பு மேலாடையும், எட்டும் இடத்தில் ஒரு கத்தியும் இல்லாமல் கரையை விட்டுப் புறப்படவும் வேண்டாம். ரீலுக்கு ஒதுக்கிய பணத்தில் குறைத்தேனும் அந்த மேலாடையை வாங்கிவிடுக.

நாம் கூறிய அந்தக் குடும்பத்தில், அடுத்த விடுமுறையில் தந்தையும் மகனும் சேர்ந்தே கடைக்குச் சென்றனர். பெரிய ரீலை விற்ற பணத்தில் நட்சத்திரச் சக்கரம் உள்ள சிறியதொரு ரீலும் இரண்டு மேலாடைகளும் வாங்கினர். இப்போது மாலையில் அதைக் கழுவுவது தாயின் பொறுப்பு. நீரை வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே புகுந்துவிடும் என்று அறிந்து, டிராக்கை இறுக்கி வைத்து, குவளையால் நன்னீரை மெல்ல ஊற்றித் துணியால் துடைத்து நிழலில் வைக்கிறார். உலர்ந்தபின் டிராக்கைத் தளர்த்தி வைக்காவிட்டால் உள்ளிருக்கும் வட்டுகள் அழுந்திப்போகும். ஆகவே குடும்பச் செபம் முடிந்து விளக்கை அணைக்குமுன், “சக்கரத்தைத் தளர்த்தியாச்சா?” என்று கணவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் படுக்கச் செல்கிறார்.